பேடில்போர்டுக்குள் புகுந்த தண்ணீர்: வீட்டில் பழுது பார்த்த அனுபவம்

நின்றபடியே துடுப்பு வலிக்கும் பேடில்போர்டு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கரைக் காட்டி, "அங்க சின்னதா ஒரு கீறல் இருந்தது, அடைச்சாச்சு, பயப்பட ஒண்ணும் இல்லை" என்றார். அந்தக் கீறலை ஒழுங்காகச் சரிசெய்து முடிக்க எனக்கு ஒரு பருவம் முழுதும் போனது. இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசின், ஃபைபர் கிளாஸ் துணி, உப்புத்தாள், கையுறை, முகமூடி என்று பலகையின் விலையில் மூன்றில் ஒரு பங்கு மேற்கொண்டு செலவானது. கேட்டுத் தெரிந்துகொள்ள அருகில் யாரும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நொந்துபோனேன். அதனால் எனக்கு நேர்ந்ததை நேர்ந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

முதல் சந்தேகம் எடையில்தான் வந்தது. தண்ணீரில் பலகை வழக்கத்தைவிடத் தாழ்வாக மிதந்தது, திருப்பினால் சோம்பலாகத் திரும்பியது. கரையேறித் தூக்கும்போது கை கடுத்தது. வீட்டு எடை மெஷினில் முதலில் நான் மட்டும் ஏறி நின்று பார்த்தேன், அப்புறம் பலகையை அணைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். பலகையின் எடை தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட ஏறத்தாழ 3 கிலோ கூடுதலாக இருந்தது. கால் வழுக்காமலிருக்க மேலே ஒட்டும் டெக் பேடும் பெயின்டும் சேர்ந்து எவ்வளவு கூட்டினாலும் அவ்வளவு வராது. உள்ளே தண்ணீர் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். காற்றடைக்காத இந்த வகைக் கெட்டிப் பலகைகள் பெரும்பாலும் 10 முதல் 14 கிலோவுக்குள் இருக்கும். பழைய பலகை வாங்கப் போகிறவர்கள் ஒரு எடை மெஷினைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாணயத்தால் பலகை முழுதும் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். மேலோடு உள் நுரையிலிருந்து பிரிந்துபோன இடம் பொத்தென்று கேட்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. கடலில் போய் வந்த பலகையைத் துடைத்து நிழலில் வைத்தால், விரிசல் உள்ள இடத்தில் மட்டும் மறுபடி ஈரம் கசியும். காய்ந்தபின் அங்கே வெள்ளையாக உப்புப் பூக்கும்.

பலகையின் உள்ளே இருப்பது நாம் தெர்மோகோல் என்று சொல்லும் அதே நுரைதான், சற்று அடர்த்தியான வகை. சின்னச் சின்ன மணிகளை ஒன்றோடொன்று உருக்கி ஒட்டிய கட்டி அது. மணிகள் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் மணிகளுக்கு இடையில் இருக்கும் இடுக்குகளில் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து வெகுதூரம் போய்விடும். ஓரத்தில் விரல்நீள விரிசல் இருந்தால், நாம் காலூன்றி நிற்கும் இடத்துக்குக் கீழே வரைகூட ஈரம் போயிருக்கும். இதன் மேல் ஃபைபர் கிளாஸ் துணியும் எபாக்ஸி ரெசினும் சேர்ந்த மெல்லிய ஓடு. சில பலகைகளில் இடையில் மெல்லிய மரத்தகடோ கெட்டி பி.வி.சி. நுரையோ இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை இந்த ஓட்டில்தான் இருக்கிறது. உண்மையான சேதமோ உள்ளே பரவிய தண்ணீர். இதைப் புரிந்துகொண்டதும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு விற்கப்பட்ட பலகையில் யாரோ தண்ணீரை உள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள்.

ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் குளியலறைச் சுவரோரம் பூசும் சிலிகான் பசை அப்பியிருந்தது. சிலிகான் மேல் எபாக்ஸி பிடிக்கவே பிடிக்காது. அதை உப்புத்தாளால் தேய்த்தாலும் ஆபத்துதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகச் சுற்றிலும் இழுபட்டு, நல்ல இடத்தையும் கெடுத்துவிடும். முதலில் பிளேடால் செதுக்கி, விரலால் உருட்டி உருட்டி, ஒரு பொட்டு விடாமல் எடுக்க வேண்டும். தேய்ப்பது அதற்குப் பிறகுதான். ஒரு சாயங்காலம் முழுக்கக் குனிந்து இதைச் செய்தேன். முதுகு விட்டுப்போனது. எடுத்து முடித்து, உடைந்து தொங்கிய ஓட்டுத் துணுக்குகளை வெட்டியபோது, உள்ளிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பலகையைச் சாய்த்தால் சொட்டு நிற்கும், வேறு பக்கம் சாய்த்தால் மறுபடி சொட்டும். மனசு உடைந்துபோனது என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து உலர்த்துவது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். ஓட்டை கீழ்ப்பக்கம் வரும்படி பலகையைச் சாய்த்து, காற்றோட்டமான நிழலில் வைத்து, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தேன். பல பலகைகளில் மேற்புறம் காற்று போய்வர ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் ஒரு வழியாகக் காற்று புகுந்து மறு வழியாக ஈரத்தை இழுத்துக்கொண்டு வெளியேறும். முதல் வாரம் எடை சட்டென்று இறங்கியது, நானும் குதூகலமானேன். அப்புறம் இறக்கம் மெதுவாகி, வாரத்துக்குச் சில நூறு கிராம், அதன்பின் அதற்கும் குறைவு என்று ஆனது. மேலே தொட்டுப் பார்த்தால் ஓட்டையின் வாய் நன்றாகக் காய்ந்துதான் இருக்கும். அதை நம்பக் கூடாது. எடை மெஷின் மட்டுமே பொய் சொல்லாது. வாரம் ஒரு முறை அதே மெஷினில் எடைபோட்டுச் சுவரில் எழுதிவைத்தேன். அடுத்தடுத்து எடுத்த அளவுகள் மாறாமல் நின்ற பிறகே மூடத் துணிந்தேன். வெளியே நல்ல வெயில், தண்ணீர் அமைதியாகக் கிடக்கும், எல்லாரும் துடுப்போடு கிளம்புவார்கள். நான் ஒரு எண் அசையுமா என்று காத்துக்கொண்டிருந்தேன். பலமுறை, போதும், மூடிவிடலாம் என்று தோன்றியது. மூடியிருந்தால் உள்ளே நின்ற ஈரம் வெயிலில் சூடாகி ஆவியாகி, மேலோட்டை நுரையிலிருந்து உரித்துக் கொப்புளமாக்கியிருக்கும்.

சீக்கிரம் காய வேண்டும் என்று சூடான காற்று வீசும் ஹீட் கன்னையோ தலைமுடி உலர்த்தும் கருவியையோ ஓட்டைக்கு அருகே பிடிக்காதீர்கள். இந்த நுரை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் இளகிச் சுருங்க ஆரம்பித்துவிடும். கதவடைத்த காரிலோ கறுப்பு உறைக்குள் வெயிலிலோ பலகையை விட்டு வைப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து மேலோட்டைத் தள்ளும். காற்றுத் திருகு சாதாரண வகையாக இருந்தால், கரையில் வைக்கும்போது தளர்த்துங்கள், தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் இறுக்குங்கள். காற்றை மட்டும் விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வைத்த திருகும் உண்டு; அதை ஒவ்வொரு தடவையும் தொட வேண்டியதில்லை.

காய்ந்துகொண்டிருந்த நாட்களில் ரெசின் வாங்கப் போனேன். கடையில் இருந்தவர் பாலியெஸ்டர் ரெசினை எடுத்துக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான், இது சீக்கிரம் இறுகும்" என்றார். ஓட்டையிலிருந்து உதிர்ந்த நுரைத் துணுக்கு ஒன்றை வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதன் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கண் முன்னாலேயே அது கரைந்து பசையானது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். பலகைக்குள் ஊற்றியிருந்தால் உள்ளே ஒரு குகையே உருவாகியிருக்கும். அந்த டப்பாவுக்குக் கொடுத்த பணம் போனதுதான். வெள்ளை மணிமணியான நுரை தெரிந்தால் எபாக்ஸி மட்டுமே. வெயிலில் சில நிமிடங்களில் இறுகும் ரெசின் டியூபுகளும் கிடைக்கின்றன. சின்னக் கீறலுக்கு அவை மிக வசதி. ஆனால் அவற்றிலும் பாலியெஸ்டர் வகை, எபாக்ஸி வகை இரண்டும் உண்டு, லேபிளைப் படியுங்கள். அசிட்டோனும் இந்த நுரையைக் கரைக்கும், ஆகையால் திறந்த ஓட்டைக்கு அருகே துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் சரி. எதைத் தடவுவதாக இருந்தாலும் முதலில் ஒரு நுரைத் துணுக்கில் தடவிப் பாருங்கள்.

எபாக்ஸி கலப்பதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பாலியெஸ்டரில் இறுக்கியைச் சற்றுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸியில் அப்படி நடக்காது. ரெசினும் அதன் இறுக்கியான ஹார்டனரும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் கெட்டியாகின்றன. எது கூடினாலும் குறைந்தாலும் மிச்சமிருப்பது என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும். கன அளவில் 2-க்கு 1 என்று போட்டிருந்தால் எடையிலும் அப்படியே என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்டனர் பெரும்பாலும் லேசானது என்பதால், எடையில் அது 100-க்கு 44 என்பதுபோல் வரும். எந்த முறையில் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து அதையே கடைப்பிடியுங்கள். கொஞ்சமாகக் கலப்பதற்கு 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு மிக உதவியாக இருந்தது. கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து இரண்டு மூன்று நிமிடம் கலக்க வேண்டும். அப்புறம் வேறொரு சுத்தமான கப்புக்கு மாற்றி இன்னொரு சுற்றுக் கலக்குவது இன்னும் பத்திரம், ஓரத்தில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசின் பழைய கப்போடு போய்விடும்.

ஆழமான பள்ளத்தில் வெறும் ரெசினை ஊற்றி நிரப்பக் கூடாது. எபாக்ஸி இறுகும்போது சூடாகும். மொத்தமாக இருந்தால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறிப் புகையும் வரும், சுற்றியிருக்கும் நுரை உருகும். அதோடு பலகை ஒரு பக்கம் கனத்துப்போகும். நான் பள்ளத்தின் வடிவத்துக்கு ஒரு தெர்மோகோல் துண்டைச் செதுக்கி, எபாக்ஸியில் நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூளைக் கலந்து குழைத்த பசையால் ஒட்டினேன். மேலே மிஞ்சிய இடுக்கையும் அதே பசையால் மெல்லிய அடுக்குகளாக நிரப்பினேன். ஓரம் வளைவான இடம் என்பதால் பசை வழிந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் சிலிக்கா தூள் சேர்த்ததும் வழியாமல் நின்றது. காய்ந்தபின் பலகையின் வளைவோடு சமமாக வரும்வரை, ஒரு மயிரிழை தாழ்வாகவே, தேய்த்தேன். மேலே துணி வரப்போகிறது, அதற்கு இடம் வேண்டும்.

துணி ஒட்டும் முன் ஓட்டையைச் சுற்றி 4, 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும். ஒரு புள்ளி மினுங்கினாலும் அங்கே ரெசின் பிடிக்காது. பழைய ஃபைபர் துணியின் இழை தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் போனால் நல்ல துணியையே அறுத்துவிடுவோம். சதுர மீட்டருக்கு 135 முதல் 200 கிராம் எடையுள்ள துணி இந்த வேலைக்குப் போதும். இரண்டு துண்டுகள், ஒன்றைவிட மற்றது பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டி வைத்தேன். கூர்மூலை எழும்பிக்கொள்ளும்.

இங்கே நேரம் பார்த்துச் செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலையில் ரெசின் பூசினால், வெயில் ஏற ஏற நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈர ரெசின் வழியே குமிழ் குமிழாக வெளியேறும். ஒவ்வொரு குமிழும் ஊசி ஓட்டையாக நின்றுவிடும், அதன் வழியே மறுபடி தண்ணீர் போகும். வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலையில் பூசினால் காற்று உள்ளே சுருங்கும், ரெசின் துணியோடு சேர்ந்து படியும். 20 டிகிரிக்குக் கீழே போகாத இடமாக இருந்தால் இறுகுவதிலும் சிக்கல் இராது. துணியை நனைக்கும்போது அது கண்ணாடியாகத் தெளிந்தால் போதும். அதற்கு மேல் ரெசின் விடுவது எடையைத்தான் கூட்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றைத் தள்ளி வழித்து, டேப்பால் இழுத்துக் கட்டினேன். மறுநாள் தாளை உரித்தபோது ஓரம் வழுவழுவென்று இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் மனம் லேசானது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எபாக்ஸி தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுதும் இருக்கக்கூடியது. நைட்ரைல் கையுறை போடுங்கள், ரெசின் பட்டதும் மாற்றுங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். அசிட்டோனால் துடைத்தால் அது ரெசினைத் தோலுக்குள்ளேயே கொண்டுசேர்க்கும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் மூச்சில் போகக் கூடாது, நுண்தூளைத் தடுக்கும் பி3 வடிகட்டி வைத்த முகமூடியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். முழுக்கை உடை போட்டும் மணிக்கட்டில் எனக்கு இரவெல்லாம் அரிப்பு இருந்தது. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே டேப் சுற்றிக்கொண்ட பிறகுதான் அது நின்றது.

இறுகிய எபாக்ஸியின் மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தேய்த்துப் போக்க முடியாது, உப்புத்தாள்தான் அடைத்துக்கொள்ளும். தண்ணீரும் சொரசொரப்பான ஸ்கிரப்பரும் போதும், கரைந்து போய்விடும். பிறகு 120, 220-ஆம் எண் உப்புத்தாள்களால் தேய்த்தேன். பெயின்ட் அடிக்கும் முன் ஒரு சோதனை அவசியம். சோப்புத் தண்ணீரை ஒட்டுப்போட்ட இடத்தில் தடவி, காற்றுத் திருகின் துளை வழியாக வாயால் மெல்ல ஊதுங்கள். பம்ப் வைத்து அழுத்தவே கூடாது, மேலோடு பிரிந்துவிடும். ஒரு இடத்தில் நுண்ணிய குமிழ் வந்தது. அங்கே மட்டும் இன்னொரு பூச்சு ரெசின் கொடுத்தேன். கடைசியாகப் பெயின்ட். எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகி நாளடைவில் வலுவிழக்கும், ஆகவே பெயின்டோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ வேண்டும். நிறம் பொருந்தவில்லை, அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. தொட்டால் ஒரே நாளில் கெட்டியாகத் தெரிந்தாலும் முழு வலு வர ஒரு வாரம் ஆகும் என்பதால் அதுவரை தண்ணீரில் இறக்கவில்லை.

நிற்கும் இடத்துக்கு முன்னால் உள்ளங்கை அளவுக்கு மேலோடு பிரிந்திருந்தது நாணயத்தால் தட்டியபோதே தெரிந்திருந்தது. அதன் இரு ஓரத்திலும் ஓரத்துக்கு ஒன்றாகச் சின்னத் துளை போட்டு, ஒன்றில் ஊசி இல்லாத சிரிஞ்சால் எபாக்ஸியை மெதுவாகச் செலுத்தினேன். மற்றதில் ரெசின் எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே பலகையின் வளைவுக்குப் படியும் மணல் பையை வைத்தேன். இப்போது அந்த இடம் கணீரென்று ஒலிக்கிறது. இரண்டு உள்ளங்கைக்கு மேல் பிரிந்திருந்தால் இந்த வழி நம்பகமில்லை. உள்ளே ரெசின் எங்கெல்லாம் போனது என்று தெரியாது.

காற்றடைக்கும் பலகை வைத்திருக்கும் நண்பருக்கும் பிறகு உதவினேன். அங்கே கதை வேறு. இரண்டு பி.வி.சி. தோல்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் நூல்கள் இழுத்துக் கட்டியிருக்கும், உள்ளே 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம். காற்று இறங்கினால் முதலில் வால்வைப் பாருங்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலே கசியும், வால்வு தளர்ந்திருந்தால் அதற்கான திறப்பானால் இறுக்கினால் தீர்ந்துவிடும். தோலில் ஓட்டை என்றால் காற்றை முழுக்க இறக்கி, துடைத்து, வட்டமான பி.வி.சி. துண்டிலும் பலகையிலும் பி.வி.சி.க்கான பசையை மெல்லிதாகப் பூசி, தொட்டால் விரலில் படியாமல் லேசாகப் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, இரண்டாவது பூச்சுக் கொடுத்து, அதே பதத்தில் அழுத்தி உருட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். 24 மணி நேரம் காற்றடிக்காமல் விட்டுவிட்டோம், நன்றாகப் பிடித்துக்கொண்டது.

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட முடியாது. பலகை குறுக்கே முறிந்திருந்தாலோ, அடியில் மீன் செதில் போன்ற ஃபின்னைப் பொருத்தும் ஃபின் பாக்ஸ் கையால் ஆட்டினால் அசைந்தாலோ, வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். ஃபின் பாக்ஸில் தண்ணீரின் இழுப்பு முழுதும் விழும், மேலோட்டமாகப் பூசிய ரெசின் அதற்குத் தாங்காது. கொடுக்கும் முன் நீங்களே எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை நாள் உலர்த்தப்போகிறார் என்று கேளுங்கள், திரும்ப வாங்கும்போது மறுபடி எடைபோடுங்கள்.